மலைநாட்டு வீடும் சூறாவளியும்

சூறாவளி என்ற சொல்லைக் கேட்டவுடன் மனக்கண்முன் எழுவது கடற்கரையே. தலைவிரித்தாடும் தென்னைகளும், கரையேறி வரும் அலைகளும், கவிழ்ந்து கிடக்கும் தோணிகளும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும், 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைப் பெருங்காற்று சூறையாடியதும் தமிழ் மக்களின் நினைவில் நிலைத்துவிட்ட நிகழ்ச்சிகள். ஆதலால், கடலை எப்போதோ ஒரு முறை மட்டுமே கண்ட தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று வானொலியிற் சூறாவளி எச்சரிக்கையைக் கேட்கும்போது, அது வேறு யாருக்கோ விடுக்கப்பட்டதென்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கச் செல்வதில் வியப்பொன்றும் இல்லை.

அந்த எண்ணத்தை 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதி மாற்றிவிட்டது. வங்கக் கடலின் தென்மேற்கு மூலையில் உருவாகி, நவம்பர் 28ஆம் நாள் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறிய சூறாவளிக்கு 'டித்வா' என்று பெயர். யேமன் நாடு வழங்கிய பெயர் அது. சொகோத்ரா தீவிலுள்ள ஒரு கடற்கழியைக் குறிப்பது. இந்தச் சூறாவளியால் இலங்கையின் 25 மாவட்டங்களும் பாதிப்புற்றன. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேலும் பலர் காணாமற் போயினர். இவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கடலோரத்தவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. கண்டி மாவட்டத்திலேயே இறந்தோர் தொகை மிகுதி. அதனை அடுத்து வந்தவை பதுளையும் நுவரெலியாவும். கடல் எட்டாத மலைகளிலேதான் அந்தச் சூறாவளி தன் முழுக் கொடுமையையும் காட்டிற்று.

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையில், சாலை வளைந்து வளைந்து உயரத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது இறம்பொடை. 109 மீற்றர் உயரமுள்ள அதன் நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் பலர். கீழே கொத்மலை நீர்த்தேக்கம். மேலே லபுக்கலை வரையில் தேயிலை மலைகள். இடையிடையே லயங்களும், ஓடைகளும், மரக்கறித் தோட்டங்களும். வெயிற்காலத்தில் இதனைப் பார்ப்பவர்கள் அழகென்பார்கள். நீரும் செங்குத்தான சரிவும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இடம் இது என்பதை மழைக்காலத்தில் அங்கே வாழ்பவர்களே அறிவார்கள். டித்வாவின் நாட்களில் கண்டி - நுவரெலியா வீதி பல இடங்களில் மண்சரிவால் துண்டிக்கப்பட்டது. கொத்மலைப் பிரதேசமும் அதனுள் அடங்கிய இறம்பொடையும் அந்தச் சரிவுகளுக்குத் தப்பவில்லை.

இங்கே ஒரு வியப்பு உண்டு. காற்றின் வேகத்தை மட்டும் கொண்டு அளந்தால் டித்வா பெரிய சூறாவளி அன்று. வளிமண்டல ஆய்வாளர் சூறாவளிகளைக் காற்றின் வேகத்தைக் கொண்டே வகுத்து வைத்திருக்கிறார்கள். பெயர் பெறுவதற்குத் தகுதியுள்ள வகைகளுள் மிகத் தாழ்ந்த வகையிலேயே டித்வா நின்றது. 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியோடு ஒப்பிட்டால் அதன் காற்று மிக மெலிந்தது. ஆயினும் 1978இன் சூறாவளி விரைந்து வந்து, விரைந்து தீவைக் கடந்து, மன்னார் வளைகுடாவைத் தாண்டிச் சென்றுவிட்டது. டித்வா அவ்வாறு போகவில்லை. தீவின் மீதும் அதன் ஓரமாகவும் மெல்ல நகர்ந்து, நாட்கணக்கில் நின்று மழையைக் கொட்டிற்று. அதற்கு முன்னரே பல நாட்களாகப் பெய்த மழையில் மலைகள் ஊறிப் போயிருந்தன.

உலகின் வேறு பாகத்திலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் மத்திய அமெரிக்காவைத் தாக்கிய 'மிட்ச்' என்னும் சூறாவளி, கடலில் இருந்தபோது மிகக் கடுமையானதாக இருந்தது. ஆனால் கரையை அடையும்போது அதன் காற்று தளர்ந்துவிட்டது. தளர்ந்தபின் ஹொண்டூராஸ், நிக்கராகுவா ஆகிய நாடுகளின் மலைகளின்மேல் தங்கி மழை பொழிந்தது. நிக்கராகுவாவில் கசீத்தா என்னும் எரிமலையின் ஒரு பக்கம் நீரோடு நீராகக் கரைந்து இறங்கிச் சில ஊர்களை முற்றாக மூடிற்று. அந்தச் சூறாவளியால் மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர். காற்று தளர்ந்துவிட்டது என்ற செய்தி மலைவாழ் மக்களுக்கு ஆறுதல் தரும் செய்தியாகாது. சூறாவளி எவ்வளவு வேகத்தோடு வருகிறது என்பதைக் காட்டிலும், எத்தனை நாள் தங்கப் போகிறது, எவ்வளவு மழை பெய்யப் போகிறது என்பவையே அவர்கள் கேட்டறிய வேண்டியவை.

கடலிற் பிறக்கும் சூறாவளி மலையில் இத்துணை மழையைப் பொழிவதற்குக் காரணம் என்ன? வெப்பமான கடல்நீரிலிருந்து எழும் நீராவியே சூறாவளிக்கு உணவு. ஏறத்தாழ 27 பாகை வெப்பமுடைய கடற்பரப்பின்மேல் ஈரக்காற்று மேலெழும்போது அவ்விடத்தில் அமுக்கம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அதை நோக்கி ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அக்காற்று நேராக வந்து சேராமல் வளைந்து சுழல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அந்தச் சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். ஆகவே சூறாவளியின் மையம் மலைநாட்டுக்குக் கிழக்கே இருக்கும்போது, மலைகளை நோக்கி வடக்கிலிருந்து காற்று வீசும். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்றின் வழியிற் பீதுறுதாலகாலையும் அதைச் சார்ந்த தொடர்களும் மதிலைப்போல் நிற்கின்றன. காற்று மேலே ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினாற் குளிரும், குளிர்ந்தால் நீராவி மழையாகும். பீதுறுதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். கொத்மலைப் பள்ளத்தாக்கிலிருந்து அந்த உயரத்துக்குக் காற்று ஏறும் படிக்கட்டில் ஒரு படியாக இருப்பது இறம்பொடை. சமவெளியில் மேகம் கடந்து போய்விடும்; மலையிலோ அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மழையாகிக்கொண்டே இருக்கும்.

இந்த மழையின் எடையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 150 மில்லிமீற்றர் மழை என்றால் அது ஆறு அங்குலம். ஓர் ஏக்கர் தேயிலை மலையில் ஆறு அங்குல மழை பெய்தால், அங்கே விழுந்த நீரின் எடை ஏறத்தாழ 600 தொன். டித்வாவின்போது ஒரே நாளில் அதைப்போல் இருமடங்கு மழை பெற்ற இடங்களும் உண்டு. விழுந்த நீர் முழுவதும் கான்களின் வழியே ஓடிவிட்டால் தொல்லையில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணின் கீழே கடும் பாறை. அந்தப் பாறையைத் துளைத்து நீர் இறங்க முடியாமையால், மண்ணுக்கும் பாறைக்கும் இடையே தங்குகிறது. மண்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்த பிடிப்பை அந்த நீரின் அழுத்தம் தளர்த்துகிறது. ஒருபுறம் மேலுள்ள மண்ணின் எடை கூடுகிறது. மறுபுறம் அடியிலுள்ள பிடிப்பு குறைகிறது. எந்த நாழிகையில் முன்னது பின்னதை மிஞ்சுகிறதோ, அந்த நாழிகையில் மலையின் ஒரு பகுதி புறப்பட்டுவிடுகிறது.

மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீட்டின் நிலை இதிலும் இக்கட்டானது. வீட்டின் பின்புறம் வெட்டப்பட்ட மண்சுவர், மேலேயுள்ள சரிவின் காலை வெட்டியதற்கு ஒப்பாகும். தாங்கி நிற்க வேண்டிய பகுதி இல்லாமற் போவதால், மேலுள்ள மண் வீட்டையே தாங்கலாகக் கொள்கிறது. பின்புறத்துக் கானில் இலையும் குப்பையும் அடைத்துக்கொண்டால், ஓடிப்போக வேண்டிய நீர் அந்த மண்சுவருக்குள்ளேயே இறங்கும். கான் வெட்டுவது தோட்டத்தில் மதிப்புக் குறைந்த வேலையாகக் கருதப்படுவதுண்டு. லயத்தின் பின்னாலுள்ள கானைத் துப்புரவாக வைத்திருக்கும் மண்வெட்டிக்கு ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கும் வல்லமை இருக்கிறது என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

லயங்கள் ஏன் இத்தகைய இடங்களில் அமைந்தன என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அந்த மலைகளில் தேயிலை ஏறிற்று. தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு அமைத்தவர்கள், பெரட்டுக்குக் கூப்பிடு தூரமா, மலைக்குக் கிட்டவா, நீர் எடுக்க ஓடை அருகில் உள்ளதா என்பவற்றையே பார்த்தார்கள். தேயிலை நன்கு விளையும் நிலத்தை வீட்டுக்கு ஒதுக்க யாருக்கும் மனமில்லை. ஆகவே பாறையடியிலும், ஓடைக்கரையிலும், சரிவின் விளிம்பிலும் லயங்கள் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா ஒன்றும், முன்னால் ஓர் இஸ்தோப்பும் ஒரு குடும்பத்துக்கு என்று அளந்து கொடுக்கப்பட்டன. அவ்வாறு கட்டப்பட்டவற்றில் நூறு ஆண்டைக் கடந்தவை இன்றும் குடியிருப்பாக உள்ளன. அவற்றின் மேலுள்ள மலையிற் காட்டு மரங்களின் ஆழமான வேர்கள் இல்லாமற் போய்த் தலைமுறைகள் கடந்துவிட்டன.

இத்தகைய லயத்திற் சூறாவளி இரவு எப்படிக் கழிகிறது? முதலில் மின்சாரம் போய்விடும். அதன்பின் கைத்தொலைபேசியும் சிறிது சிறிதாக உயிர் விடும். காற்று கணவாய்களின் வழியே இறுகி வருவதால் அங்கங்கே கடுமையாக வீசும். தகரக் கூரையின்மேல் முன்கூட்டியே கல்லையும் மண்மூட்டையையும் ஏற்றி வைத்தவர்கள் ஓரளவு கவலையற்றிருப்பர். பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் இருபுறமும் படுப்பர். ஒழுகும் இடங்களிற் சட்டியும் வாளியும் வைக்கப்படும். காம்பரா ஒன்றேயாதலால் ஒழுகாத மூலையில் அனைவரும் ஒடுங்குவர். பெரும்பாலும் அந்த மூலை மேட்டுப் பக்கத்துச் சுவரோரமாக அமைந்துவிடுகிறது. காற்றுக்கு மறைவாக இருப்பதால் அது பத்திரமான இடமாகத் தோன்றும். மண்சரிவு முதலில் வந்து மோதுவதும் அந்தச் சுவரிலேதான். வெளியேற முடியாமல் வீட்டிலேயே இரவைக் கழிக்க நேர்ந்தால், மேட்டுப் பக்கத்தை விட்டு விலகி, வாசலுக்கு அருகே, விரைந்து வெளியேறக்கூடிய இடத்திற் படுப்பது அறிவுடைமை. ஒழுகினால் நனைந்தது காய்ந்துவிடும்.

தகரக் கூரையின்மேல் பெருமழை கொட்டும்போது அருகில் இருப்பவர் பேச்சே கேட்பதில்லை. மேலேயுள்ள சரிவில் எழும் ஓசை எவ்வாறு கேட்கும்? ஆதலால் வயது வந்தவர்களுள் ஒருவர் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பவர் போர்வைக்குள் இருந்து பயனில்லை. இடையிடையே இஸ்தோப்புக்கு வந்து, விளக்கை அடித்துப் பின்மேட்டையும் கானையும் ஓடையையும் பார்த்து வரவேண்டும். ஒரு லயத்திற் பத்துக் குடும்பங்கள் இருந்தால் அவர்களுக்குள் இதை முறைபோட்டுக்கொள்வது எளிது. தனி வீட்டாருக்கு இல்லாத வசதி ஒன்று லயத்தாருக்கு உண்டென்றால், அது சுவருக்கு அப்பால் எப்போதும் ஒரு மனிதக் குரல் இருப்பதே.

மழையை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகரப் பேணி ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், காற்றுக்குச் சாயாதபடி கல் முட்டுக்கொடுத்து வைத்தாற் போதும். அதில் ஒரு நாளில் தேங்கும் நீரின் உயரமே அன்றைய மழை. இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்புத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டுமென்றும், 100 மில்லிமீற்றரை எட்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டுமென்றும், 150 மில்லிமீற்றரைத் தொட்டால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால் வெளியேறிவிட வேண்டுமென்றும் அது வரையறுத்திருக்கிறது. இவையே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று நிலைகள். தாத்தாமார் அளந்த கணக்கிற் சொன்னால் ஒரு விரற்கடை முக்கால் அங்குலம். பேணிக்குள் நான்கு விரல் நீர் நின்றால் மஞ்சள். ஐந்து விரலைத் தாண்டினாற் செம்மஞ்சள். எட்டு விரல் நின்றாற் சிவப்பு. கொழும்பிலிருந்து வரும் செய்தி தாமதித்தாலும் வாசலிலுள்ள பேணி தாமதிப்பதில்லை.

எனினும், பேணியிலுள்ள நீர் குறைவாக இருக்கும்போதே மலை பேசத் தொடங்கிவிடுவதும் உண்டு. அதன் பேச்சைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தாருக்குப் பள்ளிப்படிப்புத் தேவையில்லை. நாள்தோறும் பழகும் பொருள்களிலேயே அது வெளிப்படுகிறது. எப்போதும் தெளிவாக விழும் பீலித் தண்ணீர் காரணமின்றிக் கலங்கி விழுந்தால், மலையின் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அடைமழையிலும் பீலி திடீரென்று நின்றுபோனால் அது இன்னும் பொல்லாத குறி. உள்ளே நீர் வழிமாறிவிட்டது. இதுவரை ஈரமே காணாத மேட்டிற் புதிய ஊற்றுக் கிளம்புவதும் அவ்வாறே. நேற்று வரை எளிதாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இறுகினால், மரம் ஈரத்தில் ஊதிவிட்டதென்று உளியைத் தேடுவதற்கு முன் சுவரையும் நிலத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். சுவரில் மாடிப்படி போன்ற வெடிப்பு, சிமெந்துத் தரையிற் புதிய கீறல், தேயிலைச் செடிகளுக்கு இடையே பிறைபோல் வளைந்து ஓடும் நிலப்பிளவு, நிமிர்ந்து நின்ற மரமும் மின்கம்பமும் சாய்ந்து நிற்பது ஆகியவை ஒரே செய்தியைத்தான் கூறுகின்றன. ஓடைக்கரையில் வாழ்பவர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். மழை குறையாதபோது ஓடையில் நீர் சட்டென்று வற்றினால், மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. அந்த அடைப்பு உடையும்போது கல்லும் மரமும் சேறுமாகப் பெருவெள்ளம் இறங்கும். அப்போது ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடுவது பயனற்றது. பக்கவாட்டில் விலகி மேடேற வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒரு குடும்பம் வீட்டை விட்டு இறங்கத் தயங்குகிறது. இதனை அறியாமை என்று தூரத்திலிருந்து கூறிவிடுதல் எளிது. நள்ளிரவு; கொட்டும் மழை; வழுக்கும் படிகள்; கைக்குழந்தை ஒன்று; நடக்க முடியாத அம்மாயி ஒருத்தி. தான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த லயம் அசைந்ததில்லை என்று அவள் கூறுவாள். அவள் கூறுவதும் உண்மையே. பால்மாடு கொட்டிலில் நிற்கிறது. அதன் பாலில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாற் சாமான் என்னவாகும் என்ற அச்சம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே போவது? அரசாங்கப் பாடசாலை கீழே ஒரு மைல் தூரத்தில்; கோயில் மண்டபமும் அதே மலையின் சரிவில்; தேயிலை ஸ்டோரின் சாவி உத்தியோகத்தர் கையில். போகுமிடம் இன்னதென்று பகலிலேயே முடிவு செய்யாத குடும்பம் இரவில் முடிவு செய்ய முடியாது. எச்சரிக்கை நிலை மஞ்சளாக இருக்கும்போதே முதியோரையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது இதனால்தான். மாட்டை அவிழ்த்துவிட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் உறையில் இட்டுக் கட்டி, மழைக்காலம் முடியும் வரை கதவோரத்தில் தொங்கவிட்டிருத்தல் நல்ல வழக்கம். பிறப்புச் சான்றிதழின் அருமையைப் பிரசாவுரிமைக்காக அலைந்த மலையக மக்களுக்கு வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போக இடமின்மை என்பதன் பொருளை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை பதுளை மாவட்டத்தில் நிகழ்ந்தது காட்டிற்று. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே அபாயம் உண்டென்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் ஆய்வாளர் கூறியிருந்தனர். அந்த இடத்தை விட்டு அகலும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டதும் உண்மை. அகன்று குடியேற நிலமும் வீடும் கையிற் கொடுக்கப்படாதபோது, சொல்லால் மட்டும் எவரும் அகல முடியவில்லை. அன்று காலை பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமும் தெரியவில்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் போனவர்களிற் பலருடைய உடல் இறுதிவரை கிடைக்கவில்லை.

ஆகவே மலைநாட்டிற் சூறாவளியை எதிர்கொள்ளும் கேள்வி, ஒரு பாதி வானிலையைப் பற்றியதென்றால் மறுபாதி காணியைப் பற்றியது. தோட்டங்கள் 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டு முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த மாற்றங்கள் எதிலும் லயத்தில் வாழ்பவருக்குத் தம் காம்பராவின் உறுதி கிடைக்கவில்லை. பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற திட்டம் வந்தது. இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகளும் அதன்பின் மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. வீடு கட்டும் நிலம் மண்சரிவுக்கு உட்படாததென ஆய்வு நிறுவனம் சான்று தரவேண்டும் என்பது நல்ல விதி. ஆயினும் லயங்களில் வாழும் குடும்பங்களின் தொகையோடு பார்த்தால் அந்த வீடுகள் போதா. உறுதி இல்லாதவர் வீடிழந்தால், இழந்தது தம்முடையதென்று காட்டவே முதலில் வழக்காட வேண்டியவராகிறார். இந்த ஒரு தொல்லை கடலோரத்து மீனவருக்குக்கூடப் பல இடங்களில் இல்லை.

செய்தி சேரும் மொழியும் சிறிய காரியமன்று. டித்வாவின் நாட்களில் அதிகாரபூர்வமான அறிவித்தல்கள் சில தமிழில் தாமதித்தே கிடைத்தன என்ற குறைகூறல் எழுந்தது. இறம்பொடைத் தோட்டமொன்றில் வாழும் மூதாட்டிக்குப் பிறமொழியில் வரும் சிவப்பு எச்சரிக்கை வெறும் ஓசையே. மின்சாரம் அற்ற இரவில், இரண்டு மின்கலங்களோடு ஒரு சிறிய வானொலிப் பெட்டி வீட்டில் இருப்பது நன்று. தொலைபேசி உயிரோடு இருந்தால் 117 என்னும் இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை அழைக்கலாம். நீர்த்தேக்கம் ஒன்றின் நிழலில் வாழும் மக்களிடையே, அணை உடைந்துவிட்டது என்பது போன்ற வதந்திகள் எளிதிற் பரவும். அதனைக் கேட்டு இருளில் ஓடி விழுபவர்களும் உண்டு. யார் சொன்னார், எந்த அலுவலகத்திலிருந்து சொன்னார் என்று ஒரு கேள்வி கேட்பதற்குள் பெரும்பாலான வதந்திகள் மெலிந்துவிடும்.

மழை விட்டதும் வெயில் வரும். சூறாவளிக்குப் பின் வரும் வெயில் மிக இனியது. மனத்தை ஏமாற்றக்கூடியதும் அதுவே. முகாமாக மாறிய பாடசாலையில் நூறு பேருக்கு ஒரு கழிப்பறை. போட்டது போட்டபடி விட்டு வந்த வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் முழுசாக நிற்கிறது. கோழிகளுக்குத் தீனி இல்லை. பாடசாலையைத் திறக்க வேண்டுமென்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எல்லாம் சேர்ந்து குடும்பத்தை வீட்டுக்குத் தள்ளுகின்றன. ஆனால் மேற்பரப்புக் காய்ந்த பின்னரும் உள்ளே இறங்கிய நீர் பாறைமேல் நின்றபடியே இருக்கும். மழை நின்று ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சரிந்த மலைகள் உண்டு. மேட்டிற் கண்ட பிளவுகளைக் களிமண் இட்டு அடைத்து, மேலே பொலித்தீன் விரித்து, புதிய நீர் உள்ளே இறங்காதபடி செய்வது முதல் வேலை. அதையும் அதிகாரிகளின் வழிகாட்டலோடு பகலிலேயே செய்ய வேண்டும். கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பித்தால், ஆய்வு நிறுவனத்தின் அலுவலர் வந்து சரிவைப் பார்வையிட்டு, மீளக் குடியேறலாமா கூடாதா என்று அறிக்கை தருவார். அந்த அறிக்கை கைக்கு வரும் முன்பே டிசெம்பர் மாதத்து வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடக்கூடும். முதல் மழையில் எட்டு விரல் நீருக்கு அசையாமல் நின்ற சரிவு, பிளவு கண்ட பிறகு மூன்று விரல் நீருக்கே அசையக்கூடியது.